ரோதைமுனியும் ஆக்கவுரிமையும்: மாத்தளைத் தோட்டங்களில் இயந்திரக் காவலின் வரலாறு

மாத்தளை மாவட்டத்தின் தோட்டத் தொழில் கோப்பியில் தொடங்கிக் கொக்கோ, தேயிலை, இறப்பர் என்று பயிர் மாறியபோதெல்லாம், தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என்றே அழைத்துவந்த ஆலைக்குள் புதிய இயந்திரங்கள் வந்து சேர்ந்தன. அவற்றைச் செய்தவரின் இலாபத்துக்குச் சட்டத்தின் காவல் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே கிடைத்துவிட்டது. அவற்றின் முன் நின்ற தொழிலாளியின் கைக்கு அது முழுமையாகக் கிடைக்க மேலும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக நடந்து மாத்தளையை அடைந்த தமிழ்த் தொழிலாளரின் வழித்தோன்றல்களிடையே, இந்த இடைவெளியை ஒரு தெய்வம் நிரப்பியது. சக்கரத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்த 'ரோதை'யின் பெயர்கொண்ட ரோதைமுனி, ஆலை இயந்திரத்தால் ஆபத்து நேராமல் காக்கும் தெய்வமாக மலையகத்தில் வழிபடப்படுகிறது. ஊரிலிருந்து மாரியம்மனையும் மதுரைவீரனையும் கொண்டுவந்த மக்கள் இதனை இங்கேயே உண்டாக்கிக்கொண்டனர் என்பது, ஸ்டோருக்குள் அவர்கள் கண்ட அச்சம் ஊரில் அறிந்திராத ஒன்று என்பதைக் காட்டுகிறது.

ஆக்கவுரிமை என்பது, புதிய பொறியொன்றின் நுட்பத்தை ஒளிக்காமல் எழுதிக்கொடுத்த ஒருவருக்கு, அதனைச் செய்யவும் விற்கவும் குறித்த காலத்துக்கு அரசு வழங்கும் தனியுரிமையாகும். இலங்கையில் அதற்கான முதல் கட்டளைச் சட்டம், கோப்பி செழித்திருந்த 1859இல் பிறந்தது. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 1854இல், ஜோன் வோக்கர் கண்டியில் தொடங்கிய பணிமனை கோப்பித் தோட்டங்களுக்கான இயந்திரங்களைச் செய்துவந்தது. பழத்தின் தோலை உரிப்பதற்கு, பல் எழுப்பிய செப்புத் தகடு போர்த்த உருளைகள் ஆற்றுநீரின் விசையால் சுழன்றன. கோப்பி நோயால் அழியத் தொடங்கிய காலத்தில், 1880இல், மாத்தளைக்கு இரயில் வந்தது. மாட்டுவண்டியில் ஏற்ற முடியாத கனத்த இயந்திரங்களும் அதன் பின்னர் எளிதாக வந்து இறங்கின.

தேயிலையைச் சுருட்டும் இயந்திரம் அந்நாளில் பெரும் போட்டிக்குரிய பொருளாயிருந்தது. லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் 1872இல் தமக்கென ஒன்றை அமைத்துக்கொண்டார். அசாமில் வில்லியம் ஜாக்சன் அமைத்த இயந்திரம் குறித்து, அவருக்கு முன்பே சுருட்டும் இயந்திரத்துக்கு உரிமை பெற்றிருந்த கின்மண்ட் தொடுத்த வழக்கு 1870களில் கல்கத்தா நீதிமன்றம் வரை சென்றது. சுருட்டும் நுட்பம் யாருடையது என்பதே அங்கு எழுந்த வினா. எத்தனை பேர் கையால் உருட்டிய கொழுந்தை ஓர் இயந்திரம் உருட்டும் என்பதில்தான் பணம் இருந்தது. விரல் தப்புமா என்பதில் பணம் இல்லை. இயந்திரத்தை வாங்குபவர் தோட்டத்தை நடத்தும் துரை, விரலை இழப்பவர் தொழிலாளி. இருவரும் ஒருவராக இல்லாதவரை, காவற்பொறிக்குச் சந்தை உருவாவதில்லை.

ஸ்டோரின் அபாயங்களில் மிகக் கொடியது இறப்பர் ஆலையின் இரட்டை உருளை எனலாம். உக்குவளை, யட்டவத்தைப் பக்கங்களில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய இறப்பர்ச் செய்கையில், உறையவைத்த இறப்பர்ப்பால் கட்டியைக் கிரேப் எனப்படும் மெல்லிய தாளாக்க, ஒன்றையொன்று நோக்கி உட்புறமாகச் சுழலும் இரண்டு இரும்பு உருளைகளுக்கிடையே அதனை ஊட்ட வேண்டும். உருளைகள் வெவ்வேறு வேகத்தில் சுழல்வதால் கட்டி பிழியப்படுவதோடு கிழிக்கவும்படுகிறது. மேலிருந்து நீர் ஓயாது வடிகிறது. ஈரமான கட்டி விரலில் ஒட்டும், விரல் கட்டியோடு போகும், விசையை நிறுத்தினாலும் கனத்த உருளை உடனே நிற்பதில்லை. இதற்கான மாற்று எளியது: உருளைகள் சந்திக்கும் இடுக்கைக் கை எட்டுமுன் உடல் முட்டும்படி முன்னே ஒரு கம்பியைப் பொருத்தி, அது அழுந்தியதும் விசை துண்டிக்கப்பட்டுத் தடை விழுமாறு செய்தல். கருத்தளவில் ஊர்க்கொல்லனுக்கும் எட்டக்கூடிய வேலைதான் இது.

சட்டம் முதலில் விரிவாகக் கவனித்தது காவலையன்று, நட்டஈட்டையே. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், எந்த உறுப்பின் இழப்பு உழைக்கும் ஆற்றலில் எத்தனை வீதம் என்று அட்டவணையிட்டது. பெருவிரலுக்கு ஓர் அளவு, சுட்டுவிரலுக்கு வேறோர் அளவு. அதன் பின்னரே, 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், ஆபத்தான இயந்திரப் பகுதிகள் பாதுகாப்பாக வேலியிடப்பட வேண்டும் என்று விதித்தது. இங்கிலாந்தில் 1844இலேயே நெசவாலைகளுக்கு வந்துவிட்ட விதி இது.

இலங்கையின் 1942ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொல்லமைப்பு சிந்தனைக்குரியது. எந்தக் கம்பி, யாருடைய தடை என்று அது கூறவில்லை; கை எட்டாதபடி இருக்க வேண்டும் என்ற விளைவை மட்டுமே கூறியது. ஆகவே, கட்டாயம் இருந்தும் அதனால் எவருக்கும் தனியுரிமை இலாபம் கிட்டவில்லை. இதன் மதிப்பை அமெரிக்காவின் 'சோஸ்டொப்' வழக்கோடு ஒப்பிட்டே உணர முடியும். இயற்பியலாளரும் ஆக்கவுரிமை வழக்கறிஞருமான ஸ்டீபன் காஸ் 1999இல் வகுத்த அந்த நுட்பத்தில், மேசைவாளின் அலகில் ஓடும் மெல்லிய மின்குறிகை தோல் பட்டதும் மாற, அலுமினியக் கட்டை ஒன்று அலகினுள் பாய்ந்து, சில ஆயிரத்திலொரு நொடிகளில் அதனை நிறுத்திவிடும். பெரிய உற்பத்தியாளர்கள் உரிமம் வாங்க மறுத்தபின், 2003இல் அவர் இத்தகைய காவலைக் கட்டாயமாக்குமாறு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடம் மனுச் செய்தார். அந்நாட்டில் மேசைவாளால் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் விரல் இழந்தபோதிலும், ஒருவருடைய ஆக்கவுரிமைகளின் வேலிக்குள் இருக்கும் பொருளை எல்லோருக்கும் கட்டாயமாக்குவதா என்ற எதிர்ப்பு விதியை முடக்கியது. போஷ் நிறுவனம் வேறுவகையில் செய்த வாளும் உரிமைமீறல் எனத் தீர்க்கப்பட்டு அச்சந்தையை இழந்தது. விதி நடைமுறைக்கு வந்தால் முதன்மையான ஓர் ஆக்கவுரிமையைப் பொதுமக்களுக்கு விட்டுக்கொடுப்பதாகச் சோஸ்டொப் நிறுவனம் அறிவித்தது 2024இல்தான். சுரங்க விளக்குக்கு உரிமை கோராத ஹம்ப்ரி டேவியும், நீல்ஸ் போலின் 1959இல் அமைத்த மும்முனை இருக்கைப் பட்டியைப் பிறருக்குத் திறந்துவிட்ட வொல்வோவும் அரிதான விலக்குகளே.

இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டம், தேசிய பாதுகாப்பு, போசணை, சுகாதாரம் போன்ற பொதுநலன் வேண்டுமிடத்து உரிமையாளரின் இசைவின்றியும் ஆக்கவுரிமையைப் பயன்படுத்த வழிவிடுகிறது. தொழிலாளியின் கை அந்தப் பட்டியலில் சுகாதாரத்தின் கீழ் வலிந்து சேர்த்தால்தான் வரும். ஆயினும் தோட்டத்து உருளையைப் பொறுத்தவரை தடை ஆக்கவுரிமையன்று. கம்பியைப் பொருத்தச் செலவு சிறிது. அது இடையிடையே முட்டி ஓட்டத்தை நிறுத்துவதால் நாளின் நிறை குறையும் என்பதே அதனை இயங்காதபடி கட்டிவைக்கத் தூண்டும் காரணம்.

பழைய உருளைகளுக்கான உரிமைகள் காலாவதியாகித் தலைமுறைகள் கடந்துவிட்டன. ஆயுத பூசையன்று விசை நிறுத்திய ஸ்டோரில், கழுவித் துடைத்த இரும்புக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கும் விரல்கள், மற்ற நாள்களில் நெருங்க அஞ்சும் அந்த இடுக்கின் ஓரம்வரை சென்று பொட்டிட்டுத் திரும்புகின்றன.