கலாசாலை நினைவுகளும் வரலாற்றுச் சான்றும்

ஒரு கல்விக்கூடத்தின் வரலாறு என்று நம் கைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் அதன் ஆண்டுவிழா மலரேயாகும். அடிக்கல் நாட்டிய நாள், நிலம் வழங்கிய வள்ளல்களின் பெயர்கள், முதல்வர்களின் வரிசை, பட்டம் பெற்றோரின் தொகை ஆகியவற்றை அதில் காணலாம். இவையெல்லாம் தேவையானவையே. ஆயினும் அங்கே ஓதிய மாணவர் எதைக் கண்டு வியந்தார், எந்த உஸ்தாதின் எந்தச் சொல் அவரது வாழ்க்கையைத் திருப்பியது, விடுதியில் பசித்த இரவுகள் எத்தனை, பணியாளர்களை மற்றவர்கள் எவ்வாறு நடத்தினர் என்பன போன்ற வினாக்களுக்கு மலர்களிலும் நிர்வாகக் குறிப்பேடுகளிலும் விடை கிடைப்பதில்லை. அங்கு வாழ்ந்தோர் தம் நினைவுகளை எழுதினால்தான் அந்த விடைகள் நமக்குக் கிட்டும்.

இத்தகைய எழுத்து மேற்கிலிருந்து நமக்கு வந்த புதுமையன்று. இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 484-இல் (கி.பி. 1091) பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவில் தலைமை ஆசிரியராக அமர்ந்தார்கள், 488-இல் (1095) அப்பதவியைத் துறந்து வெளியேறினார்கள். மதரஸாவின் ஆவணம் மட்டுமே எஞ்சியிருந்தால் ஓர் ஆசிரியர் வந்தார், சென்றார் என்பதே நமக்குத் தெரிந்திருக்கும். அன்னார் தமது ‘அல்முன்கிது மினள்ளலால்’ என்னும் நூலில், முந்நூறு மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தபோதே தம் நோக்கத்தின் தூய்மை குறித்து எழுந்த ஐயத்தையும், ஆறு மாத அளவில் நீடித்த மனப் போராட்டத்தையும், இறுதியில் நாவே எழாமற்போன நிலையையும் எழுதிவைத்தார்கள். உலகப் புகழ்பெற்ற ஒரு கலாசாலையின் உட்புறத்தை, அதன் உச்சியில் வீற்றிருந்த ஒருவரே திறந்து காட்டிய சான்று அது.

அவருக்குப் பின் வந்த ஹதீஸ் கலை அறிஞர்கள், தாம் பாடம் கேட்ட ஆசிரியர்களைப் பற்றி ‘முஃஜமுஷ் ஷுயூக்’ என்னும் வகை நூல்களை இயற்றினர். ஹிஜ்ரி 562-இல் மறைந்த ஸம்ஆனீ அவர்களும் 571-இல் மறைந்த இப்னு அஸாகிர் அவர்களும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவர்கள். இப்னு அஸாகிர் பாடம் கேட்டோருள் எண்பதுக்கும் மேற்பட்ட பெண்மணிகள் இருந்தனர் என்று அவரது வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். மாணவர் தம் ஆசிரியரைப் பதிவு செய்யும் வழக்கம் இல்லாதிருந்தால் அப்பெண்மணிகளின் கல்விப் பணி காலத்தில் கரைந்து போயிருக்கும். அண்மைக் காலத்தில், 1902-இல் அல்அஸ்ஹருக்குச் சென்ற பார்வையற்ற மாணவர் தாஹா ஹுஸைன் ‘அல்அய்யாம்’ என்னும் தம் வாழ்க்கை நூலின் இரண்டாம் பகுதியில் அந்நாளைய அஸ்ஹரை வரைந்தார். அவரது கண்டனங்களை அனைவரும் ஏற்பதில்லை. ஆனால் அந்நாளைய அஸ்ஹர் மாணவரின் அறையையும் உணவையும் ஏக்கத்தையும் அறிய விழைவோர் இன்றும் அந்நூலையே நாடுகின்றனர்.

நம் நாட்டில் இவ்வகை நினைவெழுத்து செழித்து வளர்ந்த இடங்களுள் தலையாயது அலீகர். ஸர் ஸையித் அஹ்மது கான் 1875-இல் பள்ளியாகத் தொடங்கி, 1877-இல் கல்லூரியாக உயர்த்திய நிறுவனம் 1920-இல் பல்கலைக்கழகமாயிற்று. அதன் ஆசிரியர், மாணவர், நிர்வாகிகள் எனப் பலரும் எழுதிய நினைவுகள் உருது இலக்கியத்தில் தனியொரு துறையாகவே வளர்ந்துள்ளன.

அல்லாமா ஷிப்லீ நுஃமானீ அங்கே 1883 முதல் அரபு, பார்ஸி கற்பித்தவர். 1888-இல் தத்துவ ஆசிரியராக வந்து சேர்ந்த ஆங்கிலேயர் தாமஸ் ஆர்னால்டுடன் அவருக்கு நெருங்கிய நட்பு உண்டாயிற்று. ஒருவர் அரபு கற்பித்தார். மற்றவர் பிரெஞ்சு கற்பித்தார். 1892-இல் இருவரும் ஒரே கப்பலில் புறப்பட்டனர். நடுக்கடலில் கப்பலின் இயந்திரம் பழுதுற்றது. கப்பலில் இருந்தோர் அனைவரும் கலங்கித் திரிய, ஷிப்லீ பதறி நண்பரைத் தேடிச் சென்றார். ஆர்னால்டோ அமைதியாகப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தார். கப்பல் அழியத்தான் போகிறதென்றால் எஞ்சிய சிறு பொழுதையாவது பயனுள்ளதாக்க வேண்டாமா என்பது அவரது பதில். இதை ஷிப்லீ தம் பயண நூலில் எழுதிவைத்தார். ஆர்னால்டு அலீகரில் இருந்த காலத்தில், 1896-இல், இஸ்லாம் பரவிய வரலாறு பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது என்பதை எந்த நூற்பட்டியலும் சொல்லும். அந்நூலை எழுதிய மனிதரின் இயல்பையோ சக ஆசிரியர் ஒருவரின் நினைவிலிருந்தே நாம் அறிகிறோம்.

அடுத்து 1920-ஆம் ஆண்டைக் காண்போம். கிலாஃபத் இயக்கம் கொந்தளித்த காலம். அவ்வாண்டு அக்டோபரில் காந்தியடிகளும் அலீ சகோதரர்களும் அலீகருக்கு வந்து, அரசின் உதவித்தொகையைத் துறக்குமாறு கேட்டனர். நிர்வாகம் இசையவில்லை. மாணவரும் ஆசிரியருமாக ஒரு பகுதியினர் வெளியேறினர். மால்டாச் சிறையிலிருந்து அவ்வாண்டே மீண்டிருந்த ஷைகுல் ஹிந்த் மௌலானா மஹ்மூதுல் ஹஸன் (ரஹ்) அவர்கள் அக்டோபர் 29-ஆம் நாள் கல்லூரிப் பள்ளிவாசலில் ஜாமிஆ மில்லிய்யாவைத் தொடங்கி வைத்தார்கள். நோயின் கடுமையால் அன்னாரின் உரையை மௌலானா ஷப்பீர் அஹ்மது உஸ்மானீ வாசித்தார்கள். அடுத்த மாதமே ஷைகுல் ஹிந்த் வஃபாத்தானார்கள். ஜாமிஆ 1925-இல் தில்லிக்கு இடம்பெயர்ந்தது.

வெளியேறியோருள் ஒருவர் ஜாகிர் ஹுஸைன். தங்கியோருள் ஒருவர் அவருடைய நண்பர் ரஷீது அஹ்மது ஸித்தீகீ. 1915-இல் மாணவராக நுழைந்து, பின்னர் அங்கேயே உருதுப் பேராசிரியராக விளங்கியவர் அவர். அரசியல் ஏடுகளை மட்டும் படித்தால் வெளியேறியோர் தியாகிகள், தங்கியோர் அஞ்சியோர் என்றோ, அல்லது தங்கியோர் அறிவாளிகள், வெளியேறியோர் உணர்ச்சிவசப்பட்டோர் என்றோ ஒரே கோட்டில் தீர்ப்பெழுதத் தோன்றும். ரஷீது அஹ்மது ஸித்தீகீயின் எழுத்தோ இரு பக்கமும் அன்பு அறுபடாமல் இருந்ததைக் காட்டுகிறது. தங்கியவர், வெளியேறியவரைத் தம் வழிகாட்டியைப் போல் போற்றி எழுதினார். பிரிவினைக்குப் பின் அலீகர் பெரும் ஐயப்பாட்டுக்கு ஆளாகியிருந்த நாளில், 1948-இல், அன்று வெளியேறிய ஜாகிர் ஹுஸைனே துணைவேந்தராகத் திரும்பி வந்து 1956 வரை அதைக் காத்தார். இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து அந்த வாயில் அவருக்குத் திறந்ததன் பின்னால், அறுபடாத அந்த உறவுகளும் இருந்தன என்று கருத இடமுண்டு.

ரஷீது அஹ்மது ஸித்தீகீ வரைந்த மனிதச் சித்திரங்களில் அல்லாமா இக்பாலும் மௌலானா முஹம்மது அலீயும் உள்ளனர். அவர்களுக்கு நிகராக அவர் எழுதிய மற்றொருவர் குந்தன். கல்லூரியில் மணியடித்த பணியாளர். ஒவ்வொரு வகுப்பும் அவர் கையசைவில் தொடங்கி அவர் கையசைவில் முடிந்தது. துணைவேந்தர்கள் மாறினர், அரசுகள் மாறின, மணியோசை மாறவில்லை. பல்கலைக்கழகச் சமூகம் என்பது பட்டம் பெற்றோர் மட்டுமல்லர் என்பதை இதனினும் தெளிவாகச் சொல்லும் எழுத்து அரிது. அவ்வாறே, 1906-இல் மனைவி வஹீது ஜஹான் பேகத்துடன் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய ஷைகு அப்துல்லாஹ் தம் அனுபவங்களை நூலாக்கினார். அது 1969-இல் வெளிவந்தது. அலீகரின் முதல் தலைமுறையைப் பற்றி அமெரிக்க வரலாற்றாசிரியர் டேவிட் லெலிவெல்டு 1978-இல் வெளியிட்ட ஆய்வும் இத்தகைய நினைவெழுத்துகளைப் பெரிதும் துணைக்கொண்டதேயாகும்.

இங்கே ஒரு வினா எழும். நினைவு பொய்க்காதா? பொய்க்கும். அன்பு மிகைப்படுத்தும், பகை குறைத்துக் காட்டும், முதுமை நாட்களை மாற்றி வைக்கும். இதற்கான அளவுகோல்களை நம் முன்னோர் ஹதீஸ் கலையில் வகுத்துத் தந்துள்ளனர். அறிவிப்பவர் அந்நிகழ்ச்சியை நேரில் கண்டாரா, பிறர் வாயிலாகக் கேட்டாரா? யார் வாயிலாக? முதுமையில் நினைவு தடுமாறியவர்களைப் பற்றி இப்னுஸ் ஸலாஹ் (இறப்பு ஹிஜ்ரி 643) தனியாகவே ஓர் இயல் எழுதினார்கள். தடுமாற்றத்திற்கு முன் அவர்களிடம் கேட்டது ஏற்கப்படும்; பின்னர் கேட்டது ஏற்கப்படாது. ஒரே காலத்தில் வாழ்ந்த ஒத்த நிலையினர் ஒருவரையொருவர் பழித்துக் கூறுவதைப் பொருட்படுத்தலாகாது என்று இமாம் தஹபீ (இறப்பு 748) எச்சரித்தார்கள். ஒரே துறையில் இரு பேராசிரியர்கள் இருந்த எந்தக் கல்லூரிக்கும் இவ்விதி பொருந்தும்!

மறைந்தோரின் குறையைப் பேசலாகாது என்னும் நம் நாகரிகம் இவ்வெழுத்துக்குத் தடையாகுமோ என்போரும் உளர். மார்க்கத்தின் தேவைக்காக அறிவிப்பாளரின் நம்பகத்தை ஆராய்ந்தபோது, அது புறங்கூறலாகாது என்று முஹத்திஸ்கள் பிரித்துக் காட்டினர். அதே வேளையில் தேவைக்கு மேல் ஒரு சொல்லும் கூறலாகாது என்றும் வரையறுத்தனர். புகழ்ச்சி மட்டுமே நிறைந்த நினைவு சான்றாகாது. பழிச்சொல் மட்டுமே நிறைந்ததும் சான்றாகாது. இரண்டுக்கும் நடுவே ஒரு நேர்வழி உண்டு.

இனி நம் நிலையைக் காண்போம். தமிழில் இத்தகைய எழுத்துக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பாடசாலையை நம் கண்முன் நிறுத்துகிறது. நாகூர் குலாம் காதிறு நாவலரும் அம்மகாவித்துவானிடம் பயின்றவரே. அந்த ஆசிரியர் எவ்வாறு பாடம் சொன்னார், மாணவரோடு எவ்வாறு பழகினார் என்பதை இன்று நாம் உ.வே.சா.வின் எழுத்தாலேயே காண்கிறோம்.

தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கோ ஒரு விந்தையான பழக்கம் உண்டு. ஆலிம்கள் தாம் ஓதிய கலாசாலையைத் தம் பெயருக்குப் பின்னால் வாழ்நாள் முழுதும் சுமக்கின்றனர். வேலூர் பாக்கியாத்தில் ஓதியவர் பாக்கவி, லால்பேட்டை மன்பவுல் அன்வாரில் ஓதியவர் மன்பயீ, சென்னை ஜமாலிய்யாவில் ஓதியவர் ஜமாலி. பெயரில் கலாசாலை இருக்கிறது. எழுத்தில் அது மிகக் குறைவாகவே இருக்கிறது. 1919-இல் தோன்றிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, 1951-இல் தோன்றிய திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரி, அதே ஆண்டில் தோன்றிய சென்னைப் புதுக்கல்லூரி ஆகியவற்றின் மூத்த மாணவர்கள் மறைந்துகொண்டிருக்கின்றனர். எஞ்சியோர் மிக முதியோர். அவர்களோடு எத்தனையோ வகுப்பறைகள் மண்ணுக்குள் செல்கின்றன.

எங்கள் திட்டக்குடி வெள்ளாற்றின் வடகரையில் உள்ளது, எதிர்க்கரையில் லப்பைக்குடிக்காடு. இந்த ஆறு கீழ்த்திசையில் ஓடிப் பரங்கிப்பேட்டையில் கடலோடு கலக்கிறது. அக்கழிமுகத்தில்தான் 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரின ஆய்வு மையம் அமைந்துள்ளது. ஆற்றின் இரு கரைகளிலுமிருந்து மதரஸாவுக்குச் சென்றோரும் உண்டு, பல்கலைக்கழகத்துக்குச் சென்றோரும் உண்டு. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர் எதைக் கண்டு அஞ்சினார்? அப்பட்டணத்துக் கடலோர மக்கள் அந்த ஆய்வாளர்களைப் பற்றி என்ன எண்ணினர்? 1965 சனவரி 27-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிக் குண்டுக்கு இரையான அன்று, விடுதி அறைகளில் என்ன பேசப்பட்டது? இவ்வினாக்களுக்கு விடை கூறத்தக்கவர் பலர் நம் தெருவிலேயே இருக்கக்கூடும். எவரும் அவர்களிடம் கேட்பதில்லை.

ஆதலின் ஒவ்வொரு கலாசாலையும் தன் மூத்த மாணவர்களையும் ஓய்வுபெற்ற உஸ்தாதுகளையும் தேடிச் சென்று அவர்தம் நினைவுகளைப் பதிவு செய்தல் வேண்டும். கைப்பேசியிலேயே குரலைப் பதிவு செய்ய இயலும் இந்நாளில் செலவு ஒரு பொருட்டன்று. சொன்னவர் யார், கேட்டவர் யார், சொன்ன நாள் எது, நேரில் கண்டதா கேள்விப்பட்டதா என்னும் நான்கையும் தவறாது குறித்தல் வேண்டும். இதுவே அப்பதிவின் ஸனது. ஒரே நிகழ்ச்சியை இருவர் இருவிதமாகச் சொன்னால் இரண்டையும் அப்படியே வைத்தல் வேண்டும், வேறுபாடும் வரலாறுதான். முதல்வரிடம் கேட்பதைப் போலவே பண்டாரியிடமும் காவலாளியிடமும் நூலகப் பணியாளரிடமும் கேட்டல் வேண்டும். விடுதியில் மகனை விட்டுவிட்டு ஊரில் காத்திருந்த தாய்மார்களிடமும் கேட்டல் வேண்டும். அலீகரின் மணியோசை இன்றும் நம் காதில் விழுகிறதென்றால் அதற்குக் காரணம், அதை அடித்தவரைப் பற்றி எழுத ஒருவர் அங்கே இருந்தார் என்பதே. நம் கலாசாலைகளிலும் மணியடித்தவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றி எழுதவேண்டியவர்கள் நாம்.