நீர்க்கரையில் நாயுடன் நடப்போர் அறிந்திருக்க வேண்டியவை

பண்ணைக் கரையிலும் காரைநகர் கசூரினாக் கடற்கரையிலும் வடமராட்சியின் கரையோர வீதிகளிலும் மாலை வேளைகளில் நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்களை நான் அடிக்கடி காண்கிறேன். நானும் அவர்களில் ஒருவன். எமது குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஆனாலும் கிணறு, கேணி, குளம், கடனீரேரி, கடல் என்று எந்தத் திசையில் நடந்தாலும் நீர் குறுக்கிடும். அந்த நீரில் நாய்க்கு நேரக்கூடியவற்றையும், நாயின் பின்னால் போகும் மனிதருக்கு நேரக்கூடியவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

பற்றை மூடிய கிணறுகள்

குடாநாட்டில் நாய்க்கு முதல் ஆபத்து கடலில் இல்லை, கைவிடப்பட்ட காணிக் கிணற்றில்தான் இருக்கிறது. வலிகாமம் வடக்கில் 1990 இல் வெளியேறிய மக்களின் காணிகள் பல பத்தாண்டுகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தன. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 யூலையில்தான் விடுவிக்கப்பட்டது. இப்படித் திரும்பக் கிடைத்த காணிகளில் வீடு இடிந்திருக்கும், கிணற்றுக்கட்டு உடைந்திருக்கும், வாயைப் பற்றையும் கொடியும் மூடியிருக்கும். அணிலையோ உடும்பையோ துரத்தும் நாய்க்கு அது தெரியாது. அதன் பின்னால் ஓடும் பிள்ளைக்கும் தெரியாது. இத்தகைய காணிகளுக்கு அருகில் நாயைக் கயிற்றிலிருந்து அவிழ்க்கக் கூடாது. கிணற்றைக் கண்டால் தடியோ மட்டையோ நட்டு அடையாளமிட்டு, காணிக்காரருக்கும் கிராம அலுவலருக்கும் சொல்லிவிடுங்கள்.

ஒரு மாரிகாலத்தில் எங்கள் ஒழுங்கையில் இருந்த கட்டில்லாக் கிணற்றில் நாயொன்று விழுந்தது. அயல்வீட்டு இளைஞர் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கப் போனார். அவருடைய தாயார் கையைப் பிடித்துவிட்டார். "இறங்காதை மோனை. நாய்க்கு நீந்தத் தெரியும், உனக்குத் தெரியாது" என்றார். பிறகு பனையோலைக் கடகம் ஒன்றில் நான்கு பக்கமும் கயிறு கட்டி இறக்கினோம். நாய் முன்னங்கால்களை அதில் போட்டுக் களைப்பாறியது. சிறிது நேரத்தில் தானாகவே உள்ளே ஏறிவிட்டது. மெதுவாகத் தூக்கி எடுத்தோம்.

அந்தத் தாய் சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் முதல் விதியும். கிணற்றுக்குள் இறங்குவதில் மூழ்கும் ஆபத்து மட்டும் இல்லை. பாழடைந்த கிணற்றின் அடியில் மூச்சுவிடப் போதிய ஒட்சிசன் இல்லாமல் இருக்கலாம். மண்ணெண்ணெய் நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் வைத்து இயக்கியிருந்தால் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு தங்கியிருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. முதலில் இறங்கியவர் மயங்க, அவரைத் தூக்க இறங்கியவரும் மயங்கி, இருவரும் இறப்பது இத்தகைய விபத்துகளில் வழமை. எனவே கடகம், ஏணி, மரப்பலகை என்று எதையாவது இறக்கி நாய் பற்றிப் பிடிக்க வழிசெய்யுங்கள். கழுத்துப்பட்டியில் கொக்கி மாட்டி இழுத்தால் நாயின் குரல்வளை நெரியும். தீயணைப்பு, மீட்புச் சேவையின் இலக்கம் 110.

கடனீரேரியும் கதவணைகளும்

யாழ்ப்பாணக் கடனீரேரி ஆழம் குறைந்தது என்ற துணிவில் பலர் இறங்குகிறார்கள். அங்கே ஆழத்தைவிடச் சேறுதான் பொல்லாதது. அரியாலை, நாவற்குழிப் பக்கங்களில் மேலே காய்ந்த மண்போலத் தெரிவது காலை வைத்தால் முழங்கால்வரை இழுக்கும். நாய் புதைந்தால் நீங்கள் நின்றபடி போகாமல், பலகையையோ பனைமட்டைகளையோ பரப்பி, அதன்மேல் படுத்தபடி கையை நீட்டுங்கள்.

பாலங்களின் கீழும் தொண்டைமானாற்றுக் கதவணை போன்ற இடங்களிலும் நீர் ஒடுங்கிய வழியால் விசையுடன் ஓடும். மாரியில் கதவுகள் திறந்திருக்கும்போது நாயை அந்தப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

கடற்கரை

வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வடமராட்சிக் கடல் கொந்தளிக்கும். கரையை மோதிய அலை திரும்பும்போது நாயை இழுத்துச் செல்லலாம். பல நாடுகளில் மீண்டும் மீண்டும் நடக்கும் துயரம் ஒன்று உண்டு. நாயைக் காப்பாற்றக் கடலில் குதித்தவர் இறந்துபோக, நாய் வேறோரிடத்தில் கரையேறிவிடும். நாய் உடல் இலேசாலும் நான்கு காலாலும் மிதக்கும். உடுப்போடு குதிக்கும் மனிதர் அப்படி மிதக்க மாட்டார். கரையில் நின்று நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி, அலை அமைதியான பக்கமாக நடவுங்கள். அது உங்கள் குரலை நோக்கி நீந்தும். வள்ளம் வைத்திருப்பவர்களை உதவிக்கு அழையுங்கள்.

கரையில் கிடப்பவற்றிலும் கவனம் வேண்டும். வலையிலிருந்து கழித்து எறியப்படும் பேத்தை மீனில் உள்ள நஞ்சு, காய்ந்த பின்னும் நாயைக் கொல்லும். வாந்தி, தள்ளாட்டம், கால்கள் சோர்தல் தெரிந்தால் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். கெளிற்று முள், தூண்டில் முள் ஏறினால் பிடுங்கி இழுக்காதீர்கள். சொறிமுட்டை பட்டால் நல்ல தண்ணீரால் கழுவாமல் கடல்நீரால் கழுவி, ஒட்டியிருப்பதைத் தடியால் அகற்றுங்கள். உப்புநீரை அதிகம் குடித்த நாய்க்கு வாந்தி, வயிற்றோட்டம், வலிப்புகூட வரலாம். அதனால் நடக்கப் போகும்போது போத்தலில் குடிநீர் எடுத்துச் செல்லுங்கள்.

பழைய முன்னரங்கு

கிளாலி, முகமாலை, நாகர்கோவில் வழியாகச் சென்ற போர் முன்னரங்கின் ஒரு முனை கடனீரேரியையும் மறுமுனை கிழக்குக் கடலையும் தொட்டது. கண்ணிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகளாக நடந்துவந்தாலும், இப்பகுதிகளில் எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் அதற்கு அப்பால் ஓரடியும் வைக்கக்கூடாது. வெள்ளமும் மணல் நகர்வும் புதைந்திருந்த வெடிபொருளை வெளியே கொண்டுவரும். நடுத்தர நாயொன்றின் எடையே சில மிதிவெடிகளை இயக்கப் போதும். நாய் ஓடிவிட்டால் பின்தொடராமல், நின்ற இடத்தில் நின்று கூப்பிடுங்கள். அது இரும்புத் துண்டு எதையாவது கவ்விக்கொண்டு வந்தால் பறிக்கவோ விரட்டவோ வேண்டாம். ஆட்களை விலக்கி, 119 க்கு அறிவியுங்கள். பொருளைத் தூக்கிவரும் விளையாட்டை இக்கரைகளில் நாய்க்குப் பழக்கவே கூடாது.

தேங்கிய நீர்

2024 நவம்பர் பிற்பகுதியில் வந்த வெள்ளத்தின் பின், டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் பலரின் உயிரைப் பறித்த காய்ச்சல் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. அந்தக் கிருமி எலியின் சிறுநீரால் தேங்கிய நீரிலும் சேற்றிலும் கலக்கிறது. நாய்க்கும் தொற்றும், நாயின் சிறுநீரால் மனிதருக்கும் தொற்றும். காலில் புண் இருந்தால் வெள்ளத்தில் நடக்க வேண்டாம். வீடு வந்ததும் நாயையும் உங்கள் கால்களையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். நாய்க்கு இதற்கான தடுப்பூசி உண்டு. மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் இரண்டு சொற்கள். கோடையில் ஏரி நீர் பச்சைச் சாயம் கரைத்ததுபோல் தெரிந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். 2023 இல் வட அயர்லாந்தின் லொக் நே ஏரியை மூடியதும் இதுவே. இதில் சில வகைகளின் நஞ்சு நாயை மிக விரைவில் கொல்லும். கனடாவிலும் நோர்வேயிலும் பனி உறைந்த ஏரியில் நாய் ஓடி விழுந்தால், அதன் பின்னால் பனியில் கால் வைக்காதீர்கள்.

மீட்ட பின்

மூழ்கி எடுத்த நாய் மூச்சுவிடாவிட்டால் வாயைத் துடைத்து, நாக்கை முன்னே இழுத்து, வாயைப் பொத்தி மூக்கு வழியாக ஊதுங்கள். இதயத் துடிப்பும் இல்லையெனில் பக்கவாட்டில் கிடத்தி, நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். 30 அழுத்தலுக்கு 2 ஊதல். எழுந்து வாலாட்டினாலும் அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும். நுரையீரலில் புகுந்த நீர் சில மணித்தியாலங்கள் கழித்தும் கொல்லும்.

பயந்த நாய் வளர்த்தவரையே கடிக்கலாம். கடித்த இடத்தை 15 நிமிடம் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசிக்காக வைத்தியசாலை செல்லுங்கள். ஆட்களுக்கு அம்புலன்ஸ் தேவைப்பட்டால் 1990.

இவ்வளவுக்கும் செலவு சிறிது. மார்பைச் சுற்றிப் பூட்டும் நல்ல பட்டி, உறுதியான கயிறு, ஒரு போத்தல் தண்ணீர், கூப்பிட்டால் திரும்பி வரும் பழக்கம். போரிலும் கடற்கோளிலும் ஆட்களை இழந்த வீடுகள் எமது வீடுகள். நாயைக் காப்பாற்ற எல்லா முயற்சியும் செய்யுங்கள். ஆனால் அந்த முயற்சியைக் கரையில் நின்றபடி செய்யுங்கள்.