சீனத் துளைக்காசின் மெய்மை அறிதல்

நடுவில் சதுரத் துளையுள்ள வட்டமான செப்புக் கலப்புக் காசே சீனத் துளைக்காசு. இது முத்திரை அடித்த காசு அன்று. உருக்கி வார்த்த காசு. ஆகவே மெய்யா போலியா என்று பார்ப்பவர் முதலில் தேட வேண்டியது வார்ப்பட்டறையின் தடயத்தை.

கி.மு. 221இல் சீனாவை ஒன்றாக்கிய சின் அரசு ‘பான்லியாங்’ (அரை லியாங்) காசை நாடெங்கும் பொதுவாக்கியது. கி.மு. 118இல் ஹான் பேரரசர் வூ காலத்தில் வந்த ‘வூசூ’ (ஐந்து சூ) ஏறத்தாழ 700 ஆண்டு நிலைத்தது. இவ்விரண்டுக்கும் எடையே பெயர். 621இல் டாங் அரசு வெளியிட்ட ‘கைய்யுவான் டோங்பாவ்’ அந்த வழக்கத்தை மாற்றி, துளையைச் சுற்றி நான்கு எழுத்து என்ற அமைப்பை நிலைநிறுத்தியது. எழுத்தை வரைந்தவர் ஓயாங் சுன். காசு சுமார் 24 மில்லிமீட்டர் அகலம், ஏறக்குறைய 4 கிராம் எடை. பின்வந்த அரசுகளுக்கெல்லாம் இதுவே முன்மாதிரி.

1637இல் சோங் யிங்சிங் எழுதிய ‘தியான்கோங் கைவூ’ காசு வார்த்த முறையைப் படத்துடன் விளக்குகிறது. நுண்மண்ணும் கரித்தூளும் நிரப்பிய மரச்சட்டத்தில் தாய்க்காசுகளை (அச்சுக்கான மாதிரிக் காசுகளை) பதிப்பார்கள். அவற்றை எடுத்துவிட்டு உலோகம் ஊற்றினால், கிளையில் காய்த்தது போலக் காசுகள் கிடைக்கும். அவற்றை ஒடித்தெடுத்து, சில நூறு காசுகளை ஒரே மூங்கில் குச்சியில் கோத்து விளிம்பை அராவுவார்கள். முகத்தைப் பிறகு ஒவ்வொன்றாக அராவுவார்கள். சதுரத் துளையில் கோத்த காசு சுழலாது. துளை ஏன் சதுரம் என்பதற்கு, வானம் வட்டம், பூமி சதுரம் என்ற தத்துவ விளக்கத்தைவிட இந்தத் தொழில் விளக்கமே ஏற்கத்தக்கது.

இந்த அரத்தின் கோடு மெய்க்காசின் விளிம்பில் இன்றும் தெரியும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் கோடுகள் தேய்ந்து, களிம்புக்கு அடியில் படிந்திருக்கும். களிம்பை அறுத்துக்கொண்டு பளிச்சென்று ஓடும் கோடு புதிது. உலோகம் ஆறும்போது சுருங்குவதால், மெய்க்காசையே தாய்க்காசாக வைத்து வார்த்த நகல் கால் முதல் அரை மில்லிமீட்டர் சிறுத்துவிடும். எழுத்தின் முனைகளும் மழுங்கும்.

களிம்பு அவசரத்தில் வருவதில்லை. மண்ணில் கிடந்த காசில் உலோகத்தை ஒட்டிச் செம்பழுப்புப் படலமும், அதன்மேல் பச்சையும், சில இடங்களில் நீலமும் அடுக்கடுக்காக ஏறியிருக்கும். பசையில் குழைத்துப் பூசிய பச்சை வெந்நீரிலோ அசிட்டோனிலோ இளகும். அடியில் செம்படலம் இராது. உலோகமும் சாட்சி சொல்லும். சோங் அரசமரபின் காலக் காசு செம்பு, வெள்ளீயம், ஈயம் கலந்த வெண்கலம். துத்தநாகம் கலந்த பித்தளைக் காசு 16ஆம் நூற்றாண்டில் மிங் ஆட்சியில்தான் வழக்குக்கு வந்தது. சோங் பெயர் தாங்கிய காசு பித்தளையாக இருந்தால் அது சோங் அரசின் காசு ஆகாது.

எனினும் அரசு வார்க்காத எல்லாமே இக்காலப் போலி என்று தள்ளுவது பிழை. கி.மு. 175இல் ஹான் பேரரசர் வென் மக்களே காசு வார்க்க அனுமதித்தார். 17ஆம் நூற்றாண்டில் ஜப்பானின் நாகசாகியில் சோங் ஆட்சிப் பெயரான ‘யுவான்ஃபெங்’ பொறித்த காசுகள் வணிகத்துக்காக வார்க்கப்பட்டன. இவையும் தத்தம் காலத்தில் புழங்கிய காசுகள், பழங்காசாகவே கொள்ளத்தக்கவை.

வட சோங் அரசு 1080 வாக்கில் ஆண்டுக்கு 50 லட்சம் சரத்துக்கு மேல் வார்த்தது. ஒரு சரம் பெயரளவில் ஆயிரம் காசு. மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பகுதிகளிலும் இலங்கையின் யாப்பகூவாவிலும் சீனக் காசுகள் கிடைத்துள்ளன. ஆகவே சாதாரண சோங் காசு அரியது அன்று. போலி செய்வோரின் கண் அரிய வகைகள்மேல்தான்: ஹான் ஆட்சியைக் கைப்பற்றிய வாங் மாங்கின் பொன் பதித்த கத்திக் காசு, 1853 முதல் வந்த சிங் பேரரசர் சியென்ஃபெங்கின் பெருமதிப்புக் காசுகள்.

தற்போது எக்ஸ் கதிர்க் கருவியால் காசைச் சிதைக்காமலே உலோகக் கலவையை அறிய முடிகிறது.