தலை சுத்த வைக்கும் பழைய பாணித் துப்பாக்கி

1/ கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடிச்சுட்டு, ரூமில் கம்ப்யூட்டர் முன்னாடி சுட்டுத் தள்ளும் தம்பிகளே, இந்த இழை உங்களுக்குத்தான்.

2/ 1993 டிசம்பர் 10: ஐடி சாஃப்ட்வேரின் 'டூம்' வெளிவந்தது. சுடுபவரின் கண் வழியாகவே முழு ஆட்டமும். சரியாக 25 வருஷம் கழித்து, 2018 டிசம்பர் 10 அன்று அதே பழைய பாணியில் 'டஸ்க்' வந்தது.

3/ ஆடினவங்க கருத்து ரெண்டு. "இந்த வேகம் புது கேம்ல ஏது?" "பத்து நிமிஷத்துல குமட்டுதே!" ரெண்டாவது ஆளை மற்றவர்கள் கிண்டல் பண்றாங்க.

4/ கிண்டல் வேண்டாம். 1950களிலேயே அமெரிக்கக் கடற்படையின் ஹெலிகாப்டர் சிமுலேட்டரில் இதே குமட்டல் பதிவாச்சு. புதுசா கத்துக்கிறவங்களைவிட அனுபவசாலி விமானிகளைத்தான் அது அதிகம் படுத்தியது!

5/ இது பித்தம் இல்லீங்க. கண் 'ஓடுறோம்' என்கிறது. உள்காது 'உட்கார்ந்திருக்கோம்' என்கிறது. மூளை குழம்புது. பஸ்ஸில் புத்தகம் படிச்சா குமட்டுவதும் இதே சண்டைதான், தலைகீழாக.

6/ செட்டிங்ஸில் தலை ஆட்டத்தை நிறுத்துங்க, பார்வைக் கோணத்தைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்க. ரூம் லைட்டைப் போட்டு, தள்ளி உட்காருங்க. குமட்டினா பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆடாதீங்க.

7/ முக்கியமா, ஆட்டத்தை நிறுத்தின பிறகும் கிறுகிறுப்பு சில மணி நேரம் நிற்கலாம். அது தெளியாம பைக்கில் ஜிஎன்டி ரோட்டு லாரிகளுக்கு நடுவே போயிடாதீங்க.

8/ பேச்சு குழறல், ஒரு பக்கம் பலவீனம், திடீர்னு காது கேட்காமை சேர்ந்து வந்தா கேம் மேல பழி போடாம உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.