மூன்று பூட்டுப் பெட்டி

தகரப் பெட்டிதான். நம் வீட்டுப் பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டிக்குத் தம்பி என்று சொல்லலாம். மூடியில் மூன்று கொண்டிகள், மூன்று பூட்டுகள். பெட்டி ஒருத்தி வீட்டில் இருக்கும். சாவிகள் வேறு மூன்று பேரிடம். நால்வரும் ஓரிடத்தில் கூடினால்தான் அது திறக்கும். ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் கிராமத்துச் சேமிப்புக் குழுக்களுக்கு இதுதான் வங்கி, இதுதான் கஜானா. இந்த முறை பிறந்தது 1991இல், நைஜர் நாட்டின் மராடி வட்டாரத்தில்.

நைஜர் வேறு, நைஜீரியா வேறு. நைஜரின் வடக்கே சகாரா. மராடி தெற்கு ஓரத்தில், நைஜீரிய எல்லையை ஒட்டி இருக்கிறது. ஹௌசா மொழி பேசும் மக்கள். கம்பும் சோளமும் காராமணியும் நிலக்கடலையும் விளையும் மானாவாரிப் பூமி. மழை ஒரு போகத்துக்குத்தான் வரும். அறுவடைக்கு முந்தைய மாதங்களில் குதிர் காலியாகிவிடும். கம்பங்கூழ் குடித்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஊரைக் கற்பனை செய்வது கஷ்டமில்லை. பெண்கள் காராமணியை அரைத்து வடை சுட்டு விற்பார்கள். கடலையில் எண்ணெய் எடுப்பார்கள். மிஞ்சும் பிண்ணாக்கையும் வீணாக்காமல் உருட்டிப் பொரித்துத் தின்பண்டமாக விற்றுவிடுவார்கள். ஆட்டுக்குட்டி வாங்கிக் கொழுக்க வைத்துப் பக்ரீத்துக்கு விற்பதும் உண்டு.

சீட்டுப் போடுவது அவர்களுக்கும் புதிதல்ல. ஹௌசாவில் அதற்கு ‘அடாஷி’ என்று பெயர். பத்துப் பேர் வாரா வாரம் ஒரே தொகை போட, வாரத்துக்கு ஒருத்தி மொத்தத்தையும் எடுத்துக்கொள்வாள். நம் குலுக்கல் சீட்டுதான். அதன் குறை நமக்கும் தெரிந்ததே: முறை எப்போது வருகிறதோ அப்போதுதான் பணம். பிள்ளைக்குக் காய்ச்சல் மூன்றாம் வாரம் வந்து, சீட்டு ஒன்பதாம் வாரம் விழுந்தால் என்ன செய்வது?

‘கேர்’ தொண்டு நிறுவனத்துக்காக அங்கே வேலை பார்த்த நார்வேக்காரப் பெண்மணி மொய்ரா எக்னெஸ் இந்தச் சீட்டைத்தான் கையில் எடுத்தார். புதிதாக எதையும் கொண்டுவந்து இறக்கவில்லை. இருந்ததில் ஒரு திருகு மாற்றினார். வாரா வாரம் சேரும் பணத்தை ஒருத்தியிடம் கொடுத்துவிடாமல் பெட்டியில் தேங்கவிடுவது, யாருக்குத் தேவையோ அவருக்கு அதிலிருந்து வட்டிக்குக் கடன் தருவது, ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து அசலும் வட்டியுமாக எல்லாவற்றையும் பங்கு பிரித்துக்கொள்வது. கடன் கொடுக்க வெளியிலிருந்து ஒரு காசும் வராது. நிறுவனம் தந்தது பயிற்சி மட்டும். இதற்கு வைத்த பெயர் ‘மாட்டா மாசு டுபாரா’. மாட்டா என்றால் பெண்கள், டுபாரா என்றால் யுக்தி. யுக்தி படைத்த பெண்கள்.

இத்தகைய குழுக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் பரஸ்பர நம்பிக்கை என்ற சொல்லைத் தவறாமல் பயன்படுத்துகிறார்கள். எனக்கென்னவோ அந்தப் பெட்டி அவநம்பிக்கையை மரியாதையாக ஏற்பாடு செய்துவைத்த ஒன்றாகவே படுகிறது. நம்பிக்கை அவ்வளவு இருந்தால் மூன்று பூட்டு எதற்கு? யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டிய அவசியமே வராதபடி, தொடக்கத்திலேயே எல்லாரையும் சமமாகச் சந்தேகப்பட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு மனஸ்தாபத்துக்கு வழியில்லை.

அந்தப் பூட்டுகள் திருடனுக்காக மட்டும் போட்டவையும் அல்ல. கடுகு டப்பாவில் சிறுவாடு ஒளித்து வைத்த எந்தப் பாட்டிக்கும் இது புரியும். வீட்டில் காசு இருந்தால் கேட்க ஆள் இருக்கும்: கணவன், நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரி, சில சமயம் தன் நாக்கே. இல்லை என்று பொய் சொல்வது சங்கடம். ‘பெட்டியில் இருக்கிறது, சாவி என்னிடம் இல்லை’ என்று சொல்வதில் பொய்யே கிடையாது.

கணக்கு வைத்த விதம் இன்னும் அழகு. மராடிப் பெண்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் பேரேடு இல்லை, நினைவுதான். எல்லாரும் ஒரே தொகை போடுவதால் மனக்கணக்கு சுலபம். கூடுதலாகச் சேமிக்க வசதி உள்ளவள் இரண்டு பேர் கணக்கில் போடலாம். கூட்டம் கலையுமுன் பெட்டியில் உள்ள தொகையை உரக்கச் சொல்வார்கள். அடுத்த கூட்டத்தில் அதே தொகையை நினைவிலிருந்து சொல்லி, எண்ணிப் பார்த்து, ஒத்துப்போன பிறகுதான் மற்ற வேலை. சபையில் சொன்னதைச் சபையே மறப்பது கடினம்.

வட்டியைக் கேட்டால் நமக்குத் தூக்கிவாரிப்போடும். இத்தகைய குழுக்களில் மாதம் நூற்றுக்கு ஐந்து, பத்து என்பது சாதாரணம். கந்துவட்டிதான், சந்தேகமில்லை. ஆனால் வட்டி போகும் இடமும் அதே பெட்டி. வருஷக் கடைசியில் கட்டியவளுக்கே அதில் பங்கு வருகிறது.

பங்கு பிரிக்கும் நாளைக் குழுவே முன்கூட்டி முடிவு செய்யும். விதைப்புக்கு முன்பா, பண்டிகைக்கு முன்பா, பள்ளிக் கட்டணம் கட்டும் சமயமா என்று. என் கணிப்பில் இந்த முறையின் உயிர்நாடி அந்தத் தேதிதான். ‘சேர்த்து வை’ என்ற புத்திமதி யார் காதிலும் ஏறுவதில்லை. இன்ன மாதம் இன்ன தொகை கைக்கு வரும் என்று தெரிந்தால் ஆட்டுக்குட்டி கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிடும். (பிரிக்கும் நாள் நெருங்கக் கடன்களெல்லாம் திரும்பி வந்து பெட்டி கனக்கும். திருட்டுப் பயமும் அப்போதுதான் அதிகம்.)

பிற்பாடு பெட்டி ஊர் தாண்டியது: ஜிம்பாப்வே, சான்சிபார், உகாண்டா என்று. கிராமச் சேமிப்பு கடன் சங்கம் என்று இன்று அறியப்படும் வடிவத்துக்கு ஹியூ ஆலன் என்பவரின் பங்கு பெரிது. ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு பாஸ்புக், ஒரு பங்குக்கு ஒரு முத்திரை, கூட்டத்துக்கு ஒன்று முதல் ஐந்து பங்கு வரை வாங்கலாம். எழுதத் தெரியாதவரும் முத்திரையை எண்ணலாம். தொழில் பயிற்சியும் கூடவே சேர்ந்தது: எந்தத் தொழில் இந்த ஊரில் எடுபடும், முதல் எவ்வளவு, லாபத்தையும் வீட்டுச் செலவையும் எப்படிப் பிரித்து வைப்பது.

பலன் என்ன? கானா, மலாவி, உகாண்டாவில் நடந்த பெரிய ஆய்வொன்று 2017இல் வெளிவந்தது. சேமிப்பும் கடனும் கூடின, பெண்களின் தொழில் மேம்பட்டது, வீட்டில் அவர்கள் சொல்லுக்கு மதிப்பு ஏறியது. ஆனால் குடும்பத்தின் நுகர்வு சராசரியில் உயரவில்லை. பெட்டி மட்டுமே வறுமையை ஒழித்துவிடும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

2022இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு பெட்டியின் பிறந்த வீடான நைஜரிலேயே நடந்தது. அரசு உதவித்தொகை பெறும் ஏழைக் குடும்பங்களுக்குச் சேமிப்புக் குழு, தொழில் பயிற்சி, வழிகாட்டி ஆகியவற்றைச் சேர்த்துத் தந்தார்கள். சிலருக்கு மேற்கொண்டு ரொக்கமும், சிலருக்கு வாழ்க்கைத் திறன் பயிற்சியும் ஊர் கூடிப் படம் பார்த்துப் பேசும் கூட்டமும், சிலருக்கு இரண்டும். எல்லாப் பிரிவிலும் பெண்களின் வருமானம் கூடியது. செலவோடு ஒப்பிட்டால் அதிகம் பலித்தது ரொக்கம் இல்லாத பிரிவு. ஒருத்தி கடை போட ஊரும் வீடும் சரி என்று தலையாட்ட வேண்டியிருக்கிறது. அது மூன்று சாவிக்கு அப்பால் உள்ள நான்காவது பூட்டு.

இப்போது கைபேசி வந்துவிட்டது. உகாண்டா போன்ற நாடுகளில் சில குழுக்கள் பணத்தைக் கைபேசிக் கணக்கில் வைத்துக்கொள்கின்றன. அதிலிருந்து எடுக்க மூன்று உறுப்பினர்கள் ஆளுக்கொரு ரகசிய எண்ணை அழுத்த வேண்டும்.