போர்வைக்குள் பேசிய மனிதர்



பஸ்ஸிலும் மருத்துவமனையிலும் கைத்தொலைபேசியில் உரக்கப் பேசுகிறவர்களைப் பற்றிக் குறை சொல்லாதவர்கள் நம்மில் குறைவு. “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை தெரியவில்லை” என்று பெரியவர்கள் வருந்துகிறார்கள். “தாத்தா போன் பேசினால் லயம் முழுவதும் கேட்கும்” என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இரு சாராரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. இந்தச் சத்தத்துக்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுக்கால வரலாறு உண்டு. அதனை இன்று பார்ப்போம்.

1876ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள், அமெரிக்காவின் போஸ்டன் நகரில் அலெக்சாண்டர் கிரகாம் பெல் தம் உதவியாளர் தாமஸ் வாட்சனைத் தொலைபேசி வழியாக அழைத்தார். வாட்சன் வேறோர் அறையில் இருந்தார். குரல் கம்பியில் போய்ச் சேர்ந்தது. ஆனால் அக்காலக் கருவிகள் மிகவும் வலுக் குறைந்தவை. தொலைவில் இருப்பவருக்குக் கேட்க வேண்டுமானால் தொண்டை வலிக்கக் கத்தவேண்டும்.

அடுத்த ஆண்டு, 1877இல், நியூயார்க்கில் மக்கள் கூடிய மண்டபத்தில் பெல் தம் கருவியைக் காட்ட ஏற்பாடாயிற்று. மறுமுனையில், போஸ்டனில் உள்ள வாடகை அறையிலிருந்து வாட்சன் பேசவேண்டும். அவர் போடும் சத்தத்தால் வீட்டுக்கார அம்மாள் முன்பே பொறுமை இழந்திருந்தார். வாட்சன் என்ன செய்தார் தெரியுமா? தம் படுக்கையிலிருந்த கம்பளிப் போர்வைகளை எடுத்துச் சுரங்கம்போல் அமைத்தார். ஒரு முனையில் தொலைபேசியைக் கட்டிவைத்து, மறுமுனை வழியாகத் தாம் உள்ளே புகுந்துகொண்டார். புழுக்கத்தில் வியர்த்துக் கொட்ட, அதற்குள்ளிருந்தே கத்தினார். தொலைபேசிக் கூண்டின் தொடக்கம் இதுவே என்று பிற்காலத்தில் அவரே எழுதினார்.

கருவி பிறந்த மறு ஆண்டிலேயே, அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையாகுமே என்ற கவலையும் பிறந்துவிட்டதை இங்கே காண்கிறோம்.

பிறகு கரியைக் கொண்டு செய்த ஒலிவாங்கி வந்தது. எடிசன் முதலியோர் அதனைச் செம்மைப்படுத்தினார்கள். கத்தவேண்டிய தேவை படிப்படியாகக் குறைந்தது. 1889இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகர வங்கி ஒன்றில் காசு போட்டுப் பேசும் தொலைபேசி வைக்கப்பட்டது. பின்னர் உலகெங்கும் வீதியோரங்களில் கதவு வைத்த தொலைபேசிக் கூண்டுகள் எழுந்தன. பேசுகிறவரின் இரகசியத்தையும் வெளியே நிற்பவரின் அமைதியையும் அந்த ஒரே கதவு காத்தது.

நம் தோட்டங்களில் தொலைபேசி நெடுங்காலம் ஆபீசில்தான் இருந்தது. தொழிலாளி வீட்டுக்கு அவசரச் செய்தி வந்தால் கிராணியார் ஆளனுப்புவார். வெளியூர் அழைப்பில் இரைச்சலுக்கு இடையே மெல்லிய குரல் கேட்கும். அதனால் உரத்துப் பேசிப் பழகிய பெரியவர்கள் இன்றும் அப்படியே பேசுகிறார்கள். அது பழக்கமே தவிர, மரியாதைக் குறைவன்று.

1973ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், நியூயார்க் வீதியில் நின்றபடி மார்ட்டின் கூப்பர் கைத்தொலைபேசியில் பேசினார். மலேசியாவில் 1985இல் ‘அத்தூர் 450’ என்ற நடமாடும் தொலைபேசிச் சேவை தொடங்கிற்று. அதன்பின் கருவி சிறுத்தது, விலை இறங்கியது, கடைசியில் எல்லார் கைக்கும் வந்து சேர்ந்தது. கம்பியோடு அந்தக் கதவும் போய்விட்டது.

சுற்றிலும் இரைச்சல் இருந்தால் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துகிறான் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் லொம்பார்டு 1911இலேயே எடுத்துக்காட்டினார். பஸ்ஸின் இரைச்சலில் நாம் கத்துவது இதனால்தான். மறுமுனையில் இருப்பவருக்கோ நம் குரல் காதருகில் ஒலிக்கிறது. மகன் சிங்கப்பூரில் இருந்தாலும் லண்டனில் இருந்தாலும், தூரத்துக்கு ஏற்பக் கத்தவேண்டிய அவசியம் இப்போது இல்லை.

கேட்கிறவருக்கு ஏன் இவ்வளவு எரிச்சல்? 2010இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். இருவர் பேசுவதை முழுமையாகக் கேட்பதைவிட, ஒருவர் பேச்சை மட்டும் கேட்பது கவனத்தை அதிகமாகக் குலைத்தது. அடுத்து என்ன வருமென்று மனம் ஊகித்துக்கொண்டே இருப்பதுதான் காரணம் என்கிறார்கள்.

இத்தொல்லைக்கு அமெரிக்கப் பயணிகள் ஒரு வழி தேடினார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டதால், 2000ஆம் ஆண்டில் பிலடெல்பியாவிலிருந்து வாஷிங்டன் செல்லும் அதிகாலை ரயிலில் ஒரு பெட்டி ‘அமைதிப் பெட்டி’ ஆயிற்று. ஜப்பானிய ரயில்களில், மணியோசையை நிறுத்திவைக்கும்படியும் கைத்தொலைபேசியில் பேசாதிருக்கும்படியும் அறிவிப்புச் செய்கிறார்கள்.

இப்பண்பை நாம் வெளிநாட்டாரிடம் கடன் வாங்க வேண்டியதில்லை. ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட லயத்து வீடுகளில் நம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. விடியுமுன் பெரட்டுக்குப் போகவேண்டியவர் உறங்குகிறார் என்று இரவில் குரலைத் தாழ்த்தினார்கள். அண்டை வீட்டில் துக்கம் என்றால் வானொலியை மூடிவைத்தார்கள். எந்தச் சட்டமும் அவர்களை வற்புறுத்தவில்லை. சுவருக்கு அப்பால் ஒரு மனிதர் இருக்கிறார் என்ற நினைவு போதுமானதாக இருந்தது.

அதே நினைவை நாம் பஸ்ஸுக்கும் கொண்டுபோவோம். மருத்துவமனை வார்டு, கோயில், துக்க வீடு ஆகிய இடங்களில் மணியோசையை நிறுத்திவைப்போம். பேசியே தீரவேண்டுமானால் வெளியே சென்று பேசுவோம். பாட்டோ படமோ காதொலிக் கருவியில் கேட்போம். அடையாள அட்டை எண்ணையும் வங்கியிலிருந்து வரும் இரகசிய எண்ணையும் பலர் நடுவில் உரக்கச் சொன்னால், உழைத்துச் சேர்த்த பணத்துக்கே ஆபத்து. வீட்டுப் பெரியவர் கத்திப் பேசினால், “மெதுவாகப் பேசினாலே கேட்கும், தாத்தா” என்று பக்கத்தில் அமர்ந்து சொல்லிக்கொடுப்போம். முடிந்தால் ஒலியளவைக் கூட்டியும் வைப்போம். தமக்குச் சரியாகக் கேட்காததால்கூட அவர் கத்தலாம்.

வாட்சனுக்குக் கத்தாமல் வழியில்லை. இருந்தும் பிறருக்காகப் போர்வைக்குள் புகுந்து வியர்த்தார். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. குரலைத் தாழ்த்தினால் போதும்.