பொதி ஏற்றும் முறை

அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டது 2020 ஜூலையில்.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். பெங்களூரு அறையைக் காலி செய்துவிட்டு சத்தியமங்கலம் வந்துவிட்டேன். ஊரில் எல்லாம் இருந்தது, நெட் மட்டும் சரியாக இல்லை. பவானிசாகரில் மாமா வீட்டில் பிராட்பேண்ட் உண்டு. 15 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. புதிதாக வாங்கிய கியர் சைக்கிளில் தினமும் காலையில் அங்கே போய்விட்டு சாயங்காலம் திரும்புவேன். முதுகில் வேலைக்குச் சேர்ந்த அன்று கொடுத்த கறுப்புப் பை. லேப்டாப், சார்ஜர், இரண்டு தண்ணீர் பாட்டில், மழைச்சட்டை, பூட்டுச் சங்கிலி, பம்பு, டிபன் பாக்ஸ். ஒருநாள் எடை போட்டுப் பார்த்தேன், 8 கிலோ.

இரண்டு வாரத்தில் தோள்பட்டை இரண்டிலும் பட்டை பட்டையாகச் சிவந்துவிட்டது. முதுகில் வேர்க்குரு. சட்டையைக் கழற்றி ஃபேனுக்குக் கீழே குப்புறப் படுத்திருந்தபோது அப்பா வந்து பார்த்தார்.

“ஏஞ்சாமி, வண்டி எதுக்கு வாங்குன? சொமக்கறதுக்குத்தான? அப்பறம் நீ எதுக்குச் சொமக்கற?”

என்னிடம் பதில் இல்லை. கேரியர் இல்லாத சைக்கிளை நான்தான் தேடிப் பிடித்து வாங்கியிருந்தேன். கேரியர் வைத்துத் தரட்டுமா என்று கடைக்காரர் கேட்டபோது, ‘பால்காரன் வண்டி மாதிரி ஆயிடுங்க’ என்று சிரித்தபடி சொன்னதும் நான்தான்.

அப்பா பூ விவசாயி. எங்கள் பக்கம் மல்லிகை நன்றாக வரும். விடியும் முன்னே பறித்த பூவை ஈரத்துணி போட்ட மூட்டையாகக் கட்டி, கேரியரில் வைத்து, டியூப் ரப்பரால் இறுக்கி, சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டுக்கு மிதிப்பார். நேரம் தப்பினால் விலை போய்விடும், அழுத்திக் கட்டினால் பூ போய்விடும். அந்த மனுஷனுக்கு முதுகுத் தழும்பு கிடையாது. கணினி அறிவியல் படித்த எனக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் இந்தச் சின்ன விஷயத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சைக்கிளில் போகிறவன் பையை எங்கே வைக்க வேண்டும்?

*

முதுகுத் தழும்பு நம் இலக்கியத்தில் பழைய சங்கதி. பெரும்பாணாற்றுப்படையில் மிளகு ஏற்றிப் போகும் கழுதைக் கூட்டம் ஒன்று வருகிறது. இரண்டு பக்கமும் எடை ஒத்திருக்கும்படி கட்டிய மிளகுப் பொதியைப் பலாப்பழத்துக்கு ஒப்பிடுகிறார் கவிஞர். அதோடு நிற்காமல், சுமந்து சுமந்து வடு ஆழமாக விழுந்த கழுதையின் முதுகையும் பார்க்கிறார். சரக்கோடு சேர்த்து அதைச் சுமக்கிற உடம்பும் அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

எங்கள் ஊருக்குப் பொதி புதிதில்லை. இன்றைக்கு பெங்களூரு போக பண்ணாரி தாண்டி, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறோம். அந்தக் காலத்தில் மைசூர் மேட்டுக்கும் கொங்குச் சமவெளிக்கும் நடுவே முக்கியமான வழி மோயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய கஜலட்டிக் கணவாய். 1790 செப்டம்பரில் திப்பு சுல்தானின் படை அந்த வழியாகத்தான் இறங்கி வந்து, சத்தியமங்கலத்தில் கர்னல் ஃபிளாய்டின் கம்பெனிப் படையோடு மோதியது. அந்தப் போர்களில் படைகளுக்குத் தானியம் கொண்டுவந்தவர்கள் லம்பாடிகள். ஆயிரக்கணக்கான மாடுகள், ஒவ்வொன்றின் முதுகிலும் இருபக்கமும் தொங்கும் இரட்டைச் சாக்கு. பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்ட கார்ன்வாலிஸும் இந்தப் பொதிமாடுகளின் தயவில்தான் படைக்குச் சோறு போட்டார். வண்டி ஏற முடியாத கணவாயில் மாடு ஏறும். ஆனால் ஒரு பக்கம் எடை கூடினால் சேணம் சாயும், தோல் உரியும், மாடு படுத்துவிடும். பொதி ஏற்றுவது என்பது எடையைச் சரிபாதியாகப் பிரிக்கிற வேலை.

மேற்கத்திய சைக்கிள்காரர்கள் பின்சக்கரத்தின் இருபுறமும் மாட்டுகிற பைக்கு ‘பேனியர்’ என்று பெயர். ரொட்டிக் கூடையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. கழுதை, குதிரையின் இருபக்கமும் தொங்கிய கூடைக்கு ஆன பெயரை அப்படியே சைக்கிளுக்கும் வைத்துக்கொண்டார்கள். தமிழில் நமக்குத் தேடவே வேண்டாம், பொதி என்ற சொல் காத்துக்கொண்டிருக்கிறது.

இன்னொரு உதாரணம் அமெரிக்காவிலிருந்து. 1860 ஏப்ரல் முதல் 1861 அக்டோபர் வரை மட்டுமே ஓடிய போனி எக்ஸ்பிரஸ் தபால், மிசௌரியிலிருந்து கலிஃபோர்னியாவுக்குச் சுமார் 10 நாளில் கடிதம் கொண்டுபோனது. கடிதங்கள் குதிரைக்காரனின் முதுகில் இல்லை. சேணத்தின் மேல் விரிக்கிற ‘மொச்சிலா’ என்ற தோல் விரிப்பில் நான்கு பெட்டிகள் தைத்திருந்தார்கள். அதன் மேலேயே ஏறி உட்கார்ந்து ஓட்ட வேண்டும். அடுத்த நிலையத்தில் விரிப்பை உருவிப் புதுக் குதிரை மேல் போட்டால் போதும், பயணம் தொடரும். தினமும் சவாரியே தொழிலானவர்கள் சுமையை வாகனத்திடம்தான் விட்டிருக்கிறார்கள்.

*

நம் ஊர்களில் சைக்கிள் பரவலான பிறகு பொதிமாட்டின் வேலையில் ஒரு பங்கு அதற்கு வந்துவிட்டது. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டது. 28 அங்குலச் சக்கரமும் கம்பி பிரேக்கும் கனத்த கேரியரும் கொண்ட கறுப்பு வண்டி பால் கேன், வாழைத்தார், நெல் மூட்டை, தறிக்குப் போகும் நூல் என்று எதையும் மறுத்ததில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டபோது, தண்ணீர்க் குடமும் பிள்ளைகளும் கேரியரில் ஏறின. இடுப்பிலிருந்து குடம் இறங்கியதும் விடுதலையின் ஒரு பகுதிதான்.

இதன் உச்சம் வியட்நாம். 1954இல் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படையை வீழ்த்திய போரில், மலைப்பாதைகளில் அரிசியும் தளவாடமும் சைக்கிளில் போயின. யாரும் மிதிக்கவில்லை. ஹாண்டில்பாரில் மூங்கில் கட்டி நீட்டி, பக்கத்தில் நடந்தபடி தள்ளினார்கள். ஒரு சைக்கிளுக்கு 200 கிலோவுக்கு மேல். மனித முதுகு தாங்குவதைப் போலப் பல மடங்கு.

அப்படியானால் சைக்கிள்காரன் முதுகுக்குப் பை எப்படி வந்தது?

அதற்கும் நியாயமான காரணம் உண்டு. நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ போன்ற நகரங்களில் அலுவலகத்துக்கு அலுவலகம் உறையும் வரைபடமும் கொண்டுபோன சைக்கிள் கூரியர்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இறங்குவார்கள். வண்டியைக் கம்பத்தில் பூட்டிவிட்டு மாடி ஏற வேண்டும். பையை வண்டியில் விட்டால் திருட்டுப் போகும், ஒவ்வொரு முறையும் அவிழ்த்து மாட்ட நேரமில்லை. குறுக்கே ஒரே பட்டை போட்ட பை அவர்களுக்கு வசதி. கழற்றாமலே முன்னால் இழுத்துக் கடிதத்தை எடுக்கலாம். மான்ஹாட்டன் போர்ட்டேஜ் 1983இல் வந்தது. 1989இல் சான் பிரான்சிஸ்கோவில் ராப் ஹனிகட் என்ற கூரியரே தைக்க ஆரம்பித்ததுதான் டிம்பக்2 ஆனது. 1993இல் ஜூரிக்கில் ஃபிரைடாக் சகோதரர்கள் பழைய லாரித் தார்ப்பாயில் பை தைத்து, கார் சீட் பெல்ட்டைப் பட்டையாகவும் சைக்கிள் டியூபை ஓரமாகவும் வைத்தார்கள்.

அந்தப் பை அந்த வேலைக்குப் பொருத்தமானது. கனம் குறைவு, தூரம் குறைவு, அடிக்கடி திறக்க வேண்டும். பிறகு அது ஃபேஷனாகி எல்லோர் தோளுக்கும் வந்தது. நம் ஜோல்னா பையும் வடிவத்தில் இதற்கு அண்ணன்தான். ஆனால் சைக்கிளில் குனிந்தால் முன்னே சரிந்து முழங்காலில் இடிக்கும். மெசஞ்சர் பையில் அக்குளுக்குக் கீழே இன்னொரு மெல்லிய பட்டை வருவது அதைத் தடுக்கத்தான். மஞ்சப்பை ஹாண்டில்பாரில் தொங்கும், கொஞ்சம் கனத்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், ஆரத்தில் மாட்டினால் ஆள் விழுவான்.

ஆக, நியூயார்க் கூலித் தொழிலாளி தன் தொழிலுக்காக முதுகில் மாட்டியதை, இங்கே படித்தவனின் அடையாளமாக நாம் மாட்டிக்கொண்டோம். கூடவே, இங்கத்தித் தொழிலாளியின் அடையாளம் என்று கேரியரைக் கழற்றி எறிந்தோம். கேரியர் வைத்தவன் சரக்கு கொண்டுபோகிறவன், பை மாட்டியவன் ஆபீஸ் போகிறவன் என்று ஒரு கணக்கு எனக்குள் இருந்திருக்கிறது. பூ மூட்டையோடு அப்பா பள்ளிக்கூட வாசலைக் கடக்கும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்ற பையனும் நான்தான். பால்காரன் வண்டி என்று கடையில் சிரித்தது அந்தப் பையன்தான் என்பது எனக்குப் பிந்தித்தான் உறைத்தது.

பிள்ளைகளின் கணக்கு இதைவிட மோசம். 2001-02இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் பிறகு பிளஸ் ஒன் மாணவர்களுக்கு விரிந்தது. பெண் பிள்ளைகள் படிப்பை நிறுத்தாமல் தொடர அந்த வண்டி உதவியது. மத்திய அரசு 2018இல் பத்தாம் வகுப்புக்குப் பை எடை 5 கிலோவைத் தாண்டக்கூடாது என்றது. 2020இன் பள்ளிப்பைக் கொள்கை, உடல் எடையில் 10 சதவீதம்தான் எல்லை என்றது. ஆனாலும் காலையில் சாலையில் பாருங்கள். பின்னால் கேரியர் காலியாக இருக்கும், பை பிள்ளையின் முதுகில் இருக்கும். என் எடை 68 கிலோ, பை 8 கிலோ. பள்ளிக்கூட விதிப்படி நானே குற்றவாளி.

*

சரி, எந்தப் பை வாங்குவது? இவ்வளவு தூரம் படித்தவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஐந்து கிலோமீட்டருக்குள், இரண்டு மூன்று கிலோ, அடிக்கடி ஏறி இறங்குகிற வேலை என்றால் மெசஞ்சர் பை. அக்குள் பட்டை இல்லாததை எடுக்காதீர்கள். முதுகுப்பைதான் வேண்டும் என்றால் தோளைவிட அகலம் கூடாது, நெஞ்சுப் பட்டையும் இடுப்புப் பட்டையும் இருக்க வேண்டும், முதுகுக்கும் பைக்கும் நடுவே காற்றுப் போக வலை வேண்டும். கனமானதை அடியில், முதுகை ஒட்டி வையுங்கள். நம் வெயிலில் எந்த வலையும் வேர்வையை முழுதாக நிறுத்தாது. தூரமும் கனமும் கூடினால் கேரியரும் பொதிப்பையும்தான். வண்டி வாங்கும்போதே பின்சக்கர அச்சுக்குப் பக்கத்தில் கேரியர் மாட்டத் திருகுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். கேரியர் எத்தனை கிலோ தாங்கும் என்று அதிலேயே பொறித்திருப்பார்கள். 25 கிலோ என்பது பரவலான எண்.

துணி விஷயத்தில் கொங்குக்காரர்களுக்கு ஒரு குழப்பம் வரும். மில்லில் நாம் நூலைக் கவுண்ட்டில் சொல்வோம். எண் கூடக்கூட நூல் மெலியும். பைக்காரர்கள் சொல்லும் டெனியர் நேர் எதிர். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். எண் கூடினால் தடிமன் கூடும். தினசரி சைக்கிளுக்கு 500 டெனியர் நைலான் போதும், முரட்டு உபயோகத்துக்கு 1,000. ஆனால் பை முதலில் சாவது துணியில் இல்லை. பட்டை பையோடு சேரும் இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நெருக்கித் தைத்திருக்கிறதா, ஜிப் பெரிய பல்லா என்று பாருங்கள். உள்ளே பூசிய பாலியூரித்தேன் சூட்டிலும் ஈரத்திலும் சில வருடத்தில் பிசுபிசுத்து உரியும். அதனால் வேர்வை நனைந்த பையை மூடி வைக்காதீர்கள்.

நான் கடைசியில் வாங்கவில்லை, தைத்தேன். நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் கடை ஒன்று. ஃபிரைடாக் பையின் படத்தை ஃபோனில் காட்டினேன். அண்ணன் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இதுக்கா இவ்ளோ வெலைங்க?” என்றார். இரண்டு பை, 650 ரூபாய். முதல் நாள் மிதித்தபோது குதிகால் பையில் இடித்தது. மறுநாள், முன்மூலையைச் சரிவாக வெட்டி, கொக்கியை இரண்டு அங்குலம் பின்னுக்குத் தள்ளித் தந்தார். பை ஆரத்துக்குள் போகாமல் இருக்க உட்புறம் ஒரு அட்டைப் பலகையும் வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

திங்கட்கிழமை காலை கிளம்பும்போது அப்பா வாசலுக்கு வந்தார். எதுவும் சொல்லாமல் பின்னால் போய் இரண்டு பையின் அடியிலும் ஒரே நேரத்தில் கையைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். அப்புறம் இடது பையைத் திறந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து வலது பையில் வைத்தார்.

“ரெண்டு பக்கமும் ஒத்து இருக்கோணும் கண்ணு.”

“சரிங்கப்பா” என்றேன். மார்க்கெட் வழியாகவே போனேன்.